ஈர மூச்சு

கிராஃபைட்டுக்குத் தாகம் எடுக்கும்.

பென்சில் முனையில் இருக்கிறதே, அதே கரிதான். தொட்டால் வழுக்கும். அது தன் குணத்தாலேயே வழுக்குகிறது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இல்லை. காற்றில் கொஞ்சம் ஈரம் இருந்தால்தான் வழுக்கும். ஈரமே இல்லாத காற்றில் உரசவிட்டால் தன்னைத்தானே அரைத்துக்கொண்டு மாவாகக் கொட்டிவிடும்.

எனக்கு வேலை கிடைத்ததற்கும் செல்லக்கனி அக்காவின் கால்கள் போனதற்கும் காரணம் இந்த ஒன்றுதான்.

நான் வேலை பார்த்த இடத்தைச் சக்கரம் என்று சொல்வோம். பூமிக்கு மேலே, வானத்தில், ஒரு பெரிய ராட்டினம் தனியாகச் சுழன்றுகொண்டிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். சுழல்வதால் அதன் விளிம்பில் இருப்பவர்களுக்கு எடை இருக்கும். அங்கே காபி கோப்பையில் நிற்கும், குழந்தை தவழும், செடி மேல்நோக்கி வளரும். அங்கே காசு கொடுத்துத் தங்க வந்த விருந்தினர்கள் இருந்தார்கள். சூரியத் தகடுகள் மட்டும் சுழலக் கூடாது, அவை சூரியனையே பார்த்து நிற்க வேண்டும். அவற்றைப் பொருத்திய, சுழலாமல் நிற்கிற கம்பத்திலிருந்து சுழல்கிற சக்கரத்துக்கு மின்சாரம் எப்படிப் போகும்? ஒயரைக் கட்டினால் முறுக்கிக்கொண்டு அறுந்துபோகும். அதனால் நடுவில், அச்சில், செம்பு வளையங்கள். அவற்றை உரசிக்கொண்டே நிற்கும் கார்பன் பிரஷ்கள். வீட்டு மிக்ஸியைப் பிரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மோட்டாருக்கு இரண்டு பக்கமும் ஸ்பிரிங்கோடு ஒரு சின்னக் கரிக்கட்டி இருக்கும். அதேதான். இங்கே செங்கல் அளவு.

அந்த அறைக்கு வளைய அறை என்று பெயர். அச்சில் இருப்பதால் அங்கே எடை கிடையாது. பிரஷ்களைக் கவனிக்கும் பொறியாளராக நான் முதல்முறை உள்ளே போனபோது சுவர் முழுக்கத் தூங்கும் பைகள் கட்டியிருப்பதைப் பார்த்தேன். பைகளுக்குள்ளிருந்து கறுத்த முகங்கள் எட்டிப் பார்த்தன.

"கால எங்கயும் ஊணப் பாக்காதீங்க இஞ்சினியரம்மா. இங்கன தரைன்னு ஒண்ணு கெடையாது" என்றார் ஒருவர். லூர்துராஜ். தூத்துக்குடி துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். பல்லைத் தவிர மற்றதெல்லாம் கரி.

"நீங்க எல்லாரும் இங்கேயா தங்குறீங்க?"

"ஆமா."

"எதுக்கு?"

"மூச்சு விடதுக்கு."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"நெசமாத்தான் சொல்லுதேன். முன்ன இங்கன ஈரம் கக்குத மிசினு ஒண்ணு கெடந்துச்சு. எடையில்லாத எடம்லா, தண்ணி உருண்ட உருண்டையா மெதந்து போயி வளையத்துல அப்பிக்கிட்டு. டமார். மிசினு போச்சு, கரி கொட்டுது மாவு மாதிரி. அத மாத்த வந்த நாங்க கதவு சிக்கி உள்ளயே மாட்டிக்கிட்டோம். தூங்கி எந்திரிச்சுப் பாத்தா கொட்டுதது நின்னு போச்சு. எங்க மூச்சுல உள்ள ஈரம் அதுக்குப் போதுமாம். எவனோ ஒரு படிச்சவன் கணக்குப் போட்டுச் சொல்லிட்டான், இவனுவ இருக்கும்போது மிசினு எதுக்குடேன்னு."

"அதுலேருந்து இங்கயேவா?"

"இலவசக் குடியிருப்பு. ஒப்பந்தத்துல சலுகைன்னு போட்டிருக்கான். வாசிச்சுப் பாருங்க."

வாசித்திருந்தேன். இலவசக் குடியிருப்பு என்பதைப் பார்த்து நல்ல கம்பெனி என்று நினைத்திருந்தேன்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அதற்கென்று இருக்கிற வார்த்தையை யார் சொன்னாலும் எனக்கு எரிச்சல் வரும். முதல் தலைமுறைப் பட்டதாரி என்பது ஏதோ பரிசு வாங்கியது போல ஒலிக்கிறது. அதற்கு முன்னால் இருந்த தலைமுறைகள் என்ன செய்தன என்று ஒருவரும் கேட்பதில்லை. அந்த அறையில் மிதந்துகொண்டிருந்தவர்களைப் பார்த்தபோது எனக்குக் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அன்று ஒரு பிரஷ் மாற்ற வேண்டியிருந்தது. நான் புதுக் கட்டியை எடுத்து நீட்டினேன். ஒரு அம்மா மிதந்து வந்து அதை என் கையிலிருந்து வாங்கி, வாயருகே வைத்து, கண்ணாடியைத் துடைக்க ஊதுவது போல நீளமாக ஊதினார். ஹா.

"என்னக்கா செய்றீங்க?"

"புதுசுல்லா. தாகமா வந்திருக்கும். மொத மூச்சு நாம குடுத்தாத்தான் நம்மகிட்ட பழகும்."

அதுதான் செல்லக்கனி அக்கா. ஆறுமுகநேரிப் பக்கம் உப்பளத்தில் வேலை பார்த்தவர். அந்த அறையில் அப்படி ஒரு வழக்கம் இருந்தது. புது பிரஷ் எது வந்தாலும் பொருத்துவதற்கு முன் ஒருவர் அதன் முகத்தில் ஊத வேண்டும். வீட்டிலிருந்து நல்ல சேதி வந்தவருக்குத்தான் அந்த உரிமை. அந்த வாரம் அக்காவின் மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. ஊதி முடித்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். அறிவியலாகப் பார்த்தால் ஒரு மூச்சால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. நான் அதைச் சொல்லவில்லை. எதிலாவது ஒன்றில் அவர்களுக்கு உரிமை இருக்கட்டும்.

"நீ எந்த ஊருளா?" என்று கேட்டார்.

சொன்னேன்.

"பேரு?"

"இசக்கி."

"அட. நம்ம பிள்ளயா நீ. நான் என்னமோ பட்டணத்துக்காரின்னுல்லா நெனச்சேன்."

அவர் பேசிக்கொண்டே ஒரு ரப்பர் பட்டையைப் பாதத்தில் மாட்டி இழுத்து இழுத்து விட்டார். பழைய பெல்ட்டை அறுத்துச் செய்தது. எடையில்லாத இடத்தில் கிடந்தால் எலும்பு கரையும். அவர் கால்கள் முருங்கைக்காய் போல இருந்தன.

"இது எதுக்குக்கா?"

"கால வச்சுக்கிடதுக்கு. ஊருக்குப் போனா பஸ்ஸ விட்டு எறங்கி வீடு வரைக்கும் நடந்து போவணும் மவளே. எவன் கையையும் புடிக்காம. பேரப்பிள்ளய நானே எடுக்கணும்லா."

சக்கரத்து டாக்டரிடம் கேட்டேன். அவர் நல்லவர், பயந்தவர். "அந்த அம்மாவை இப்ப கீழே இறக்கினா, கப்பல் பூமியோட காற்றுக்குள்ள போகும்போது வர்ற அழுத்தத்திலேயே இடுப்பு உடைஞ்சிரும். விளிம்புல ஒரு வருஷம் வச்சு, எடையைக் கொஞ்சங்கொஞ்சமாப் பழக்கி, அப்புறம்தான் இறக்கணும். நான் எழுதிக் கொடுத்துட்டேன். நிர்வாகம் கேக்கல" என்றார்.

நான் நிர்வாகி ரகோத்தமனிடம் போனேன். அவர் கத்துகிற ஆள் இல்லை. கத்துகிறவர்களோடு எனக்குச் சிக்கலே கிடையாது.

"உட்காருங்க இசக்கி. எனக்கு மட்டும் மனசு இல்லையா? ஆனா அவங்க அங்க இல்லாட்டி பிரஷ் இல்லை. பிரஷ் இல்லாட்டி கரண்ட் இல்லை. டெக்னிக்கலா பார்த்தா அவங்களும் அந்த சிஸ்டத்துல ஒரு பாகம்."

"அவங்க மூச்சு தேவைப்படாத பிரஷ் செஞ்சா?"

"அப்படி ஒண்ணு இருக்கா?"

"செய்யலாம்."

"செய்யுங்க. செஞ்சுட்டா அவங்களை அங்க வச்சிருக்க எனக்கென்ன வேண்டுதலா? உடனே மாத்திடறேன்."

"விளிம்புக்கா?"

"அதான் சொல்றேனே, மாத்திடறேன்னு."

எனக்கு அது போதுமாக இருந்தது. இப்போது யோசித்தால் அவர் பொய்யே சொல்லவில்லை.

மாலிப்டினம் என்றொரு உலோகம். கந்தகத்தோடு சேர்ந்தால் அதுவும் கரி மாதிரி கறுப்பாக, வழவழப்பாக இருக்கும். ஆனால் குணம் நேர் எதிர். காய்ந்த காற்றில் வெண்ணெயாக வழுக்கும். ஈரம் பட்டால் கெட்டுப்போகும். அதை வெள்ளித்தூளோடு அழுத்திச் சுட்டால் பிரஷ் ஆகும். ஈரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓடுகிற கலவையும் இருக்கத்தான் செய்தது, சுமாராக ஓடும். நான் வேண்டுமென்றே இதை எடுத்தேன். ஈரத்தைப் பொறுக்காத பிரஷைப் போட்டுவிட்டால் ஆட்களை அந்த அறையில் வைத்திருக்கவே முடியாது. கம்பெனியின் மனசை நம்பவில்லை. பொருளின் குணத்தை நம்பினேன். வெளியேற்றித்தான் ஆக வேண்டும், வெளியே என்றால் விளிம்புதானே. வேறு எங்கே?

சில மாதங்களில் சோதனைக் கட்டிகள் தயாரானதும் வளைய அறைக்கு எடுத்துப்போய் விளக்கினேன். ஒரு வளையத்தை மட்டும் கண்ணாடிப் பெட்டியால் மூடி, உள்ளே காய்ந்த காற்றை நிரப்பி, அதில் ஓட்டிப் பார்ப்பதாகத் திட்டம்.

லூர்து கட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது கரி தானே?"

"கரி மாதிரி. ஆனா ஈரம் ஆகாது."

"நம்ம மூச்சுக்காத்து பட்டா?"

"கெட்டுப்போயிரும்."

"அப்படியா. எங்க தெருவுக்கு அடுத்த தெருவுல இந்த சாதி ஆட்கள் நெறய பேரு உண்டு" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு சீக்கிரம் நின்றுபோனது.

நான் ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் பொருத்திக்கொண்டிருந்தேன். கடைசிக் கட்டி செல்லக்கனி அக்காவின் கையில் இருந்தது. திரும்பிப் பார்ப்பதற்குள் ஊதிவிட்டார். ஹா. அந்த வாரமும் அவருக்குத்தான் நல்ல சேதி, பேரன் தலை நின்றிருந்தது.

"யக்கா!"

"அய்யய்யோ. கை பழகிப் போச்சு மவளே. தொடச்சுரட்டுமா?"

துடைத்துப் பொருத்தினோம். மற்றவை எல்லாம் நிம்மதியாக ஓடின. அவர் ஊதியது மட்டும் மறுநாளே நீலப் பொறி விட்டு, முகம் பொரிந்து தேய்ந்துபோனது.

ரகோத்தமன் பார்க்க வந்தார். ஓடினவற்றைப் பார்த்துத் தலையாட்டினார். தேய்ந்ததைத்தான் கையில் எடுத்தார்.

"இதுக்கு என்ன ஆச்சு?"

"மூச்சு பட்டுருச்சு சார். அதனாலதான் சொல்றேன், ஆளுங்க உள்ள இருக்கக் கூடாது."

"ஒரே ஒரு மூச்சுக்கா?"

"ஆமா சார்."

"ஓஹோ" என்றார். அந்த ஓஹோவை நான் வெற்றியாக எடுத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் வளைய அறையைக் காலி செய்தார்கள். பைகளைச் சுருட்டிக்கொண்டு எல்லோரும் கப்பல் வந்து ஒட்டும் துறைக்குப் போனார்கள். அதுவும் அச்சில்தான் இருந்தது, எடை கிடையாது. விளிம்பில் இடம் தயாராகும்வரை என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டோம். நானும் இன்னும் இருவரும் எல்லாப் பிரஷ்களையும் மாற்றினோம். காய்ந்த காற்றை ஓடவிட்டோம். பொறி இல்லை, தூசி இல்லை. இவ்வளவு அமைதியாக வளையங்கள் சுழன்று அங்கே யாரும் பார்த்ததில்லை.

கதவில் ஒரு பலகை வந்தது: ஈர மூச்சுக்கு அனுமதி இல்லை. உலர் உடையும் முகக் கவசமும் கட்டாயம்.

இந்தப் பலகையை நான் முன்பே படித்திருக்கிறேன். வேறு எழுத்தில், வேறு வாசலில். எங்கே என்று சொல்லப்போவதில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

அதற்கப்புறம் அறிவிப்பு வந்தது. வளைய அறைப் பணியிடங்கள் தேவையற்றவை ஆகிவிட்டன, அனைவரும் அடுத்த கப்பலில் ஊர் திரும்பலாம், கம்பெனி நன்றி தெரிவித்துக்கொள்கிறது.

"சார், விளிம்புன்னு சொன்னீங்க."

"மாத்திடறேன்னு சொன்னேன் இசக்கி. விளிம்புல ஒரு ரூம் காலி இல்லை. நீங்களே பாருங்க."

"செல்லக்கனி அக்காவை இறக்கினா இடுப்பு உடைஞ்சிரும்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

"டாக்டர் சொல்றது பரிந்துரை. கீழே போனதும் நல்ல ஆஸ்பத்திரியில பார்த்துக்குவாங்க. ஒண்ணு சொல்லட்டுமா? அவங்க மூச்சு உள்ள இருக்கக் கூடாதுன்னு எனக்குக் காமிச்சுக் கொடுத்ததே நீங்கதான். இதுல உணர்ச்சிவசப்பட என்ன இருக்கு?"

ஒன்றும் இல்லை. எனக்குள் உண்மையிலேயே ஒன்றும் இருக்கவில்லை. கல்லூரியில் இதைவிடச் சின்ன விஷயத்துக்கெல்லாம் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். அன்று அவர் மேசையில் இருந்த செடி எவ்வளவு பச்சையாக இருக்கிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

துறைக்குப் போனேன். அக்கா ரப்பர் பட்டையை இழுத்துக்கொண்டிருந்தார். இரண்டு மடங்கு வேகம்.

"கப்பல் எப்பளா வருது?"

"நாளைக்கு."

"நாளைக்கா? அதுக்குள்ள எம்புட்டு இழுத்துர முடியும்?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார். "ஒடஞ்சிருமோ?"

படிக்காதவர்களிடம் மழுப்பிப் பேசுவது படித்தவர்களின் பழக்கம். எனக்கு அது இன்னும் வரவில்லை.

"ஒடஞ்சிரும்க்கா."

அவர் பட்டையை நிறுத்தவில்லை. "சரி" என்றார்.

லூர்து கேட்டார், "ஏன் இஞ்சினியரம்மா, அந்தப் புதுக் கட்டிக்கு நம்ம மூச்சு ஆகவே ஆகாதுல்லா?"

"ஆகாது."

"நாங்க இத்தன பேரும் அங்கன போயி சும்மா இருந்தா?"

"ஒருநாள் தாங்கும். அப்புறம் பொறி வரும். அப்புறம் நின்னுரும்."

"கம்பு தடி ஒண்ணும் வேணாமே?"

"மூச்சு விட்டாப் போதும்."

அவர் மற்றவர்களைப் பார்த்தார். யாரும் கோஷம் போடவில்லை. ஒருவர் தன் பையைச் சுருட்டத் தொடங்கினார், பிறகு இன்னொருவர். வளைய அறைக் கதவுக்கு என் கைரேகை போதும். கப்பல் வந்து ஒட்டியபோது துறையில் ஆள் இல்லை.

போராட்டம் எப்படி நடந்தது என்று பின்னால் பலர் என்னிடம் கேட்டார்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. எல்லோரும் பழைய இடத்தில் பையைக் கட்டிக்கொண்டு தூங்கினார்கள். சீட்டு விளையாடினார்கள். ஒருவர் குறட்டை விட்டார், அவர்தான் தளபதி என்று லூர்து சொன்னார். காய்ந்த காற்றை ஊதும் இயந்திரம் முழு வேகத்தில் கத்தியது. சுவரில் இருந்த ஈரமானியின் முள் அதையும் மீறிக் கொஞ்சங்கொஞ்சமாக ஏறியது. பழைய கரி இருக்கும்போது வேலைநிறுத்தம் செய்ய வேண்டுமென்றால் மூச்சை அடக்க வேண்டும், அது யாராலும் முடியாது. இந்தப் புதுக் கட்டிக்கு உயிரோடு இருந்தால் போதும்.

பொறி வந்தது. முதலில் ஒரு வளையத்தில், பிறகு எல்லாவற்றிலும், தீபாவளி மத்தாப்பு போல. விளிம்பில் விளக்குகள் மங்கின. விருந்தினர் ஒருவரின் வெந்நீர் நின்றுபோனதாம். அப்போதுதான் ரகோத்தமன் என்னைக் கூப்பிட்டார்.

அவர் அலுவலக அறையில் அவர் மட்டும் இருந்தார். முதல்முறையாக அவர் சட்டையில் வியர்வை பார்த்தேன்.

"இசக்கி, ஒரு தியரிக்காகக் கேட்கிறேன். அந்த ரூம்லேருந்து காத்தை மொத்தமா எடுத்துட்டா, அந்த பிரஷ் நல்லா ஓடும் இல்லையா?"

"காத்து இல்லாட்டி இன்னும் நல்லா ஓடும் சார்."

"ம்."

"உள்ள இருக்குறவங்க செத்துருவாங்க."

"அதான் தியரின்னு சொன்னேனே. அறிவிச்சா வெளியே வந்துருவாங்க, இல்லையா? வெளியே வர்றதுக்கு டைம் கொடுப்போம்."

அவர் கண்ணைப் பார்த்தேன். அவர் கெட்டவர் இல்லை. ராத்திரி வீட்டுக்குப் பேசும்போது மகளுக்குத் தாலாட்டுப் பாடுகிறவர். டைம் கொடுப்பார். அதை அவர்கள் எடுத்துக்கொள்ளாவிட்டால் வருத்தப்படுவார்.

"முடியாது சார்" என்றேன்.

"ஏன்?"

"நிக்கிற கம்பமும் சுத்துற சக்கரமும் சேர்ற இடத்துல காத்து கசியாம இருக்க ஒரு வளையம் இருக்கு. சீல். அதுவும் கார்பன்தான். ஒரு பக்கம் வானம், ஒரு பக்கம் அந்த அறை. அதுக்கும் அறையில ஈரம் இருந்தாத்தான் வழுக்கும். அறையைக் காயவச்சா அதுவும் மாவாக் கொட்டும். அது போச்சுன்னா அச்சு மட்டுமில்ல, விளிம்புக் காத்தும் அது வழியாத்தான் போகும்."

"இதை ஏன் முன்னாடியே சொல்லல?"

"நீங்க கேக்கல."

உண்மையைச் சொன்னால், அந்த நிமிஷத்தில்தான் எனக்கே அது தோன்றியது. சீல் எந்தக் கலவையில் செய்தது, அந்த வேகத்துக்கு எவ்வளவு தேயும் என்று எனக்குத் தெரியாது. அவரைப் பயமுறுத்த வாயில் வந்ததைச் சொன்னேன். அவர் பயந்தார். விளிம்புக் காற்று என்ற வார்த்தை வேலை செய்தது.

நான் வளைய அறைக்குத் திரும்பினேன். அதற்கப்புறம் பேரம். ரகோத்தமன் ஒலிபெருக்கியில் பேசினார். பழைய கிராஃபைட் பிரஷ்களையே திரும்பப் போட்டுக்கொள்ளலாம், யாரையும் கப்பலில் ஏற்றவில்லை, பழையபடி இருக்கலாம்.

"விளிம்பு?" என்று கத்தினார் லூர்து.

"இடம் இல்லைங்க."

"ஒரு ஆளுக்கு மட்டும். செல்லக்கனிக்கு மட்டும்."

"ஒருத்தருக்குக் கொடுத்தா எல்லாருக்கும் கொடுக்கணும்."

"அக்கா, ஒத்துக்காதீங்க. இன்னும் ஒரு நாள் இருந்தா எல்லாம் நின்னுரும். அவங்களே எறங்கி வருவாங்க" என்றேன்.

அக்கா பொறிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எல்லாம் நின்னா நம்ம காத்தும் நிக்கும்லா?"

நான் ஈரமானியின் முள்ளைப் பார்த்தேன்.

"வெளிம்புல சின்னப் பிள்ளய இருக்கு" என்றார். "நம்ம பிள்ளயளும் இங்கன இருக்கு" என்று பையில் தூங்கும் இளவட்டங்களைக் காட்டினார். "போதும் மவளே. இருக்க எடத்துல இருந்துக்கிடுதோம். கரியப் போடு."

பழைய கட்டிகள் ஸ்டோரில்தான் இருந்தன. கொண்டுவந்து கொடுத்தேன். ஒவ்வொன்றிலும் ஊதிப் பொருத்தினார்கள். நல்ல சேதி யாருக்கு என்று அன்று யாரும் கேட்கவில்லை, அவரவர் கையில் இருந்ததில் அவரவர் ஊதினார்கள். விளக்குகள் பழைய வெளிச்சத்துக்கு வந்தன. கறுப்புத் தூசி மறுபடி மிதக்க ஆரம்பித்தது. யாரோ இருமினார்கள்.

ஜெயித்துவிட்டோம் என்று ஒருவர் சொன்னார். யாரும் மறுக்கவில்லை.

எனக்கு இடமாற்றம் வந்தது. கதவைத் திறந்துவிட்டதற்குத் தண்டனை என்று எழுத முடியாதல்லவா? பிரஷ் பராமரிப்பை நெருக்கமாகக் கவனிக்கும் பொருட்டு வளைய அறையிலேயே தங்கிப் பணிபுரிய வேண்டும் என்று இருந்தது. இலவசக் குடியிருப்பு.

உள்ளே வந்ததும் முதல் வேலையாகச் சீலைப் பார்த்தேன். மூடியைக் கழற்றி, விளக்கை அடித்து, விரலால் தடவினேன். அறை காய்ந்து கிடந்த அந்தச் சில நாட்களில் கார்பன் வளையத்தில் கோடு கோடாகப் பள்ளம் விழுந்திருந்தது. இன்னும் ஒரு வாரம் அப்படிக் கிடந்திருந்தால் மிஞ்சியிருக்காது. நான் வாயில் வந்ததைச் சொன்னதாக நினைத்தேன். அது உண்மையாக இருந்திருக்கிறது. கட்டின நாளிலிருந்தே உண்மை.

வெகுநேரம் அங்கேயே மிதந்தேன். பிறகு எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இது என்னது?" என்றார் லூர்து.

"மொத்தச் சக்கரத்துக் காத்தையும் புடிச்சு வச்சிருக்குறது இதுதான். இதுக்கும் ஈரம் வேணும். பிரஷ எதுல செஞ்சாலும் சரி. இங்க மூச்சு நின்னா இது கொட்டிரும்."

"வேற மாத்த முடியாதா?"

"இத மாத்தணும்னா சக்கரத்த நிறுத்தி, எல்லாரையும் கீழ எறக்கி, ரெண்டாப் பிரிக்கணும். அதுக்கு அவங்க ஒத்துக்க மாட்டாங்க."

லூர்து முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பள்ளங்களைப் பார்த்தார்.

"அப்பம் இனி எவனும் நம்மள எறக்க முடியாது" என்றார் லூர்து. குரலில் சந்தோஷம் வரப் பார்த்தது.

செல்லக்கனி அக்கா சீலைத் தொட்டுப் பார்த்தார். கறுத்த விரலைப் பாவாடையில் துடைத்துக்கொண்டார்.

"நம்மளும் எறங்க முடியாது" என்றார்.

ஒவ்வொருவராகத் தங்கள் பைகளுக்குப் போனார்கள். எனக்குக் கதவோரம் ஒரு பை கட்டியிருந்தார்கள். நான் உள்ளே நுழைந்து சுருக்கை இழுத்தபோது அக்கா மிதந்து வந்தார். குனிந்து, தன் பாதத்திலிருந்த ரப்பர் பட்டையைக் கழற்றி என் கையில் வைத்தார்.

"எனக்கு எதுக்குக்கா? நீங்க போடுங்க."

"நீ புதுசு. ஒனக்கு இன்னும் கால் இருக்கு. தெனமும் இழு. விட்டுராத."

வாங்கிக்கொண்டேன். அழ வேண்டும் போல இருக்கும் என்று எதிர்பார்த்தேன். பட்டை இன்னும் சூடாக இருந்தது, அவ்வளவுதான் தெரிந்தது.

எதிர்ச் சுவரில் லூர்து வழக்கம்போல ஈரமானியைப் பார்த்தார். காலையிலும் படுக்கப் போகும்போதும் அவர்தான் பார்ப்பார்.

"முள்ளு ஒரு மயிரிழை ஏறிருக்குடே" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி மூச்சுல்லா அது."

முதல்முறையாக அவர் என்னை இஞ்சினியரம்மா என்று கூப்பிடவில்லை.

பட்டையைப் பாதத்தில் மாட்டிக்கொண்டு இழுக்க ஆரம்பித்தேன்.